பன்றி ஓடிய ஊர்

'ஃபன்ட்ரி' என்று ஒரு மராத்திப் படம். 2014 பிப்ரவரி 14, சரியாகக் காதலர் தினத்தன்று திரையரங்குகளுக்கு வந்தது. பெயரைக் கேட்டதும் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஏதோ பொறி தட்ட வேண்டும். தட்டுகிறதா? அது மராத்திச் சொல்லே இல்லை. மராத்தியில் பன்றிக்கு 'டுக்கர்' என்று பெயர். 'ஃபன்ட்ரி' என்பது கைக்காடி மொழிச் சொல். மகாராஷ்டிரத்தில் கூடை முடைவதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட கைக்காடி மக்களின் மொழி அது. திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது, தமிழுக்கு நெருங்கிய உறவு. ஆக, நம் 'பன்றி'தான் அங்கே 'ஃபன்ட்ரி'.

ஒரு மராத்தி இயக்குநர் தன் முதல் படத்துக்கு, பெரும்பாலான மராத்திக்காரர்களுக்கே புரியாத ஒரு சொல்லைத் தலைப்பாக வைக்கிறார் என்றால் அந்தச் சொல் எங்கிருந்து வந்திருக்கும்? மும்பையில் ஏ.சி. அறையில் நடந்த கதை விவாதத்திலிருந்து வந்திருக்காது. ஊருக்கு வெளியே, குப்பைமேட்டுக்குப் பக்கத்தில், தகரம் போட்ட ஒரு வீட்டிலிருந்துதான் வந்திருக்க முடியும். இயக்குநர் நாக்ராஜ் மஞ்சுளே, சோலாப்பூர் மாவட்டம் கர்மாளா வட்டத்தில் உள்ள ஜேவூர் என்ற ஊர்க்காரர். தலித் குடும்பத்தில் பிறந்தவர். அந்த வீடுகள் எங்கே இருக்கும் என்று அவருக்கு யாரும் வரைபடம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

சொல்ல வந்த விஷயம் இதுதான். கடந்த இருபது வருடங்களில் வந்த நல்ல மராத்திப் படங்களில் பலவற்றில் கிராமம் வெறும் பின்னணி இல்லை. கதையை நகர்த்துவது, திருப்புவது, சில சமயம் முடித்தே வைப்பது அந்த ஊர்தான். அரங்கம் போட்டு எடுத்திருந்தால் அந்தக் கதைகள் வேறு கதைகளாகப் போயிருக்கும்.

கொல்ஹாப்பூரில் தொடங்கிய கதை

மராத்தி சினிமாவுக்குக் கிராமம் புதிது இல்லை. 1925-லேயே பாபுராவ் பெயிண்டர் 'சாவ்காரி பாஷ்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். வட்டிக்காரனிடம் நிலத்தை இழந்த விவசாயி நகரத்துக்கு ஆலைத் தொழிலாளியாகப் போகும் கதை. அந்த விவசாயியாக நடித்தவர் பின்னாளில் பெரிய இயக்குநரான வி. சாந்தாராம். ஒரு குடிசை, அதற்கு முன்னால் ஊளையிடும் நாய் என்று அந்தப் படத்தில் வரும் காட்சியைத் திரைப்பட வரலாற்று நூல்கள் இன்றும் குறிப்பிடுகின்றன. இந்திய சினிமாவில் யதார்த்தம் என்ற பேச்சை எடுத்தால் அந்தக் குடிசையைத் தாண்டிப் போக முடியாது.

பிறகு பேசும் படம் வந்தது. 1929-இல் கொல்ஹாப்பூரில் தொடங்கிய பிரபாத் நிறுவனம் 1933-இல் புனேவுக்கு மாறியது. ஒலிப்பதிவுக்கு நான்கு சுவர் வேண்டும், விளக்கு வேண்டும். அதனால் கிராமமும் ஸ்டுடியோவுக்குள் குடிபுகுந்தது. அப்படிக் குடிபுகுந்த கிராமத்துக்கு நாளடைவில் ஒரு வாய்ப்பாடு உருவாகிவிட்டது. மீசை முறுக்கும் பாட்டீல், வட்டிக்குக் கொடுக்கும் சாவ்கார், தமாஷா ஆடும் பெண், அவளிடம் மயங்கும் நல்லவன். நல்ல படங்களும் வந்தன, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊர் எந்த மாவட்டம், அங்கே மழை எப்போது பெய்யும், கிணறு யாருடையது என்று கேட்டால் பதில் இருக்காது. பொதுவான ஒரு ஊர். அவ்வளவுதான்.

இடையில் விதிவிலக்குகளும் உண்டு. ஜப்பார் பட்டேலின் 'சாம்னா' சர்க்கரை ஆலை அதிகாரத்தைப் பேசியது. அவரே 1977-இல் எடுத்த 'ஜைத் ரே ஜைத்' தாக்கர் பழங்குடி மக்களின் கதை. மோகன் அகாஷேயும் ஸ்மிதா பாட்டீலும் நடித்தது. அதில் ஒரு மலை இருக்கிறது. மலை உச்சியில் தேன்கூடுகள். அந்த மலையையும் தேனீக்களையும் எடுத்துவிட்டால் கதையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. நாயகனின் எதிரியே அந்த மலைதான்!

திரும்பிப் போன கேமரா

2004-இல் சந்தீப் சாவந்தின் 'ஷ்வாஸ்' வந்தது. சிறந்த படத்துக்கான தேசிய விருது, அதாவது தங்கத் தாமரை, அதற்குக் கிடைத்தது. 'ஷ்யாம்ச்சி ஆயி'க்குப் பிறகு ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்து ஒரு மராத்திப் படத்துக்கு அந்த விருது. அந்த வருடம் ஆஸ்காருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான்.

கதை மிகச் சின்னது. கொங்கணக் கரையோரக் கிராமத்துச் சிறுவனுக்குக் கண்ணில் புற்றுநோய். உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் பார்வையை இழக்க வேண்டும். தாத்தா அவனை நகரத்து மருத்துவமனைக்கு அழைத்து வருகிறார். மருத்துவமனையின் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே அவ்வப்போது ஊர் வந்து போகிறது: பச்சை, தண்ணீர், படகு. இந்தப் பையன் எதை இழக்கப் போகிறான் என்று எந்தப் பாத்திரமும் வசனம் பேச வேண்டியதில்லை, கொங்கணத்தைக் காட்டினால் போதும். கடைசியில் அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படகில் ஊர் திரும்பும்போது நாம் அந்த ஊரைப் பார்க்கிறோம், அவன் பார்ப்பதில்லை. நெஞ்சை அடைக்கும் காட்சி அது. அந்தக் கரை நிஜமாக இல்லாவிட்டால் நெஞ்சு அடைத்திருக்காது.

இதே கொங்கணத்தில் பத்து வருடம் கழித்து அவினாஷ் அருண் 'கில்லா'வை எடுத்தார். 2014 பெர்லின் விழாவில் குழந்தைகள் பிரிவில் படிகக் கரடி விருது பெற்ற படம். அப்பாவை இழந்த பதினோரு வயதுப் பையன், அம்மாவின் வேலை மாற்றத்தால் புனேயிலிருந்து கடலோரச் சிற்றூருக்கு வருகிறான். புது நண்பர்களோடு கோட்டைக்குப் போகிறான். மழை பிடித்துக்கொள்கிறது. நண்பர்கள் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆளில்லாத கோட்டைக்குள் மழையில் அவன் மட்டும். அப்பா இல்லாத பிள்ளையின் தனிமையை இதற்கு மேல் எப்படிச் சொல்வது? இயக்குநர் அடிப்படையில் ஒளிப்பதிவாளர், இந்தப் படத்துக்குக் கேமராவும் அவர்தான். கொங்கண மழையில் நனைந்து வளர்ந்தவனுக்குத்தான் அந்த மழையின் சாம்பல் நிறம் தெரியும்.

அதே மழை, வேறு ஊர்

கொங்கணத்தில் மழை தனிமை. விதர்பாவில் மழை உயிர்.

சதீஷ் மன்வரின் 'காப்ரீச்சா பாவூஸ்' 2009-இல் வந்தது. விதர்பாவின் பருத்தி விவசாயிகள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் நாளிதழ்களில் தொடர்ந்து வந்துகொண்டிருந்த காலம். படத்தின் நாயகன் கிஸ்னா. பக்கத்து விவசாயி ஒருவர் தற்கொலை செய்துகொள்கிறார். தன் கணவனும் அப்படிச் செய்துவிடுவானோ என்று கிஸ்னாவின் மனைவி அல்காவுக்குப் பயம். மகனைக் கூப்பிட்டு, அப்பா எங்கே போனாலும் பின்னாலேயே போ என்கிறாள். அவனுக்குப் பிடித்த பூரண் போளி செய்து போடுகிறாள். திடீரென்று ஏன் இத்தனை கவனிப்பு என்று அவனுக்கு விளங்கவில்லை. சிரிப்பு வருகிறது, சிரிக்கவும் முடியவில்லை.

இந்தக் கதையில் வில்லன் யார்? வானம்தான். விதைத்துவிட்டுக் காத்திருந்தால் மழை வராது. மறுபடி விதைக்கக் கடன் வாங்க வேண்டும். வேண்டாத நேரத்தில் கொட்டித் தீர்க்கும். கரிசல் நிலம் வெடித்துக் கிடப்பதையும் அதே நிலம் சேறாகிப் போவதையும் திரையில் பார்க்கும்போது, 'பருவமழை பொய்த்தது' என்று செய்தியில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியதெல்லாம் நினைவுக்கு வருகிறது. ஸ்டுடியோவில் குழாய் வைத்துப் பொழிகிற மழை நாயகி நனைவதற்குப் போதும், ஒரு குடும்பம் மூழ்குவதற்குப் போதாது.

காளை, கிணறு, கோயில்

உமேஷ் குல்கர்ணி, கிரீஷ் குல்கர்ணி என்று ஒரு ஜோடி. முன்னவர் இயக்குநர், பின்னவர் எழுத்தாளரும் நடிகரும். இவர்களின் மூன்று படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். 'வளூ'வில் (2008) ஊருக்குள் சுற்றும் ஒரு காளை. 'விஹிர்' (2009) படத்தில் ஒரு கிணறு. 'தேவுள்' (2011) படத்தில் ஒரு அத்திமரம், பிறகு அது இருந்த இடத்தில் ஒரு கோயில். மூன்றிலும் ஊரில் உள்ள ஏதோ ஒரு பொருள் அல்லது உயிர்தான் கதையின் அச்சு.

'தேவுள்' சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டது. காணாமல் போன பசுவைத் தேடிப் போன கேஷ்யா வெயிலில் அத்திமரத்தடியில் அசந்துபோகிறான், தத்தாத்ரேயர் காட்சி தந்ததாக நம்புகிறான். செய்தி பரவுகிறது. கோயில் எழும்புகிறது. கடைகள், ஒலிபெருக்கி, பக்தர் கூட்டம், பணம். ஊருக்கு மருத்துவமனை கட்ட வேண்டும் என்று திட்டம் வைத்திருந்த பெரியவரின் காகிதம் காகிதமாகவே நின்றுபோகிறது. உள்ளூர் அரசியல்வாதியாக நானா படேகர். 'காலா'வில் ரஜினிக்கு எதிரே வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்தாரே, அவரேதான்.

படத்தின் தொடக்கத்தில் வெட்டவெளியாக இருந்த ஊர், முடிவில் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கிறது. அந்த மாற்றம் கண்ணெதிரே நடக்கிறது. ஊரின் முகம் மாறுவதுதான் கதை என்றால், முதலில் அந்த ஊருக்கு ஒரு முகம் இருக்க வேண்டும் அல்லவா?

ஊருக்கு ஒரு பேச்சு

இடம் என்றால் கண்ணுக்குத் தெரிவது மட்டும் இல்லை, காதுக்கும் ஒரு இடம் உண்டு. புனே மராத்தி ஒன்று, விதர்பாவின் வர்ஹாடி ஒன்று, சோலாப்பூர் பக்கத்து முரட்டு மராத்தி ஒன்று. பழைய படங்களில் 'கிராமத்து மராத்தி' என்று பொதுவாக ஒன்று பேசுவார்கள், அது எந்தக் கிராமத்திலும் பேசப்படாதது. மங்கேஷ் ஹடவளேயின் 'டிங்யா'வில் (2008) இது உடைந்தது. சிறுத்தையைப் பிடிக்க வெட்டிய குழியில் விழுந்து அடிபட்ட காளையை விற்றுவிட அப்பா நினைக்கிறார், விடமாட்டேன் என்று அழுகிறான் சிறுவன் டிங்யா. அந்தச் சிறுவனாக நடித்தவன் நகரத்து நடிப்புப் பள்ளியிலிருந்து வந்தவன் இல்லை, கிராமத்துப் பையன். தேசிய விருது வாங்கினான். வட்டாரப் பேச்சை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது அவன் வீட்டுப் பேச்சு.

பாவ்ராவ் கர்ஹாடே 'க்வாடா' படத்துக்காகத் தன் நிலத்தை விற்றவர். ஆடுகளோடு ஊர் ஊராக நகரும் தன்கர் மேய்ப்பர் குடும்பத்தின் கதை அது. தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருதோடு, படப்பிடிப்புத் தளத்தில் நேரடியாகச் செய்த ஒலிப்பதிவுக்கும் விருது கிடைத்தது. ஆட்டு மந்தை, காற்று, நாய், அதட்டல் எல்லாம் அந்த வெளியிலேயே பதிவானவை. நிலத்தை விற்று நிலம் இல்லாதவர்களைப் பற்றிப் படம் எடுப்பது... இதற்கு மேல் என்ன சொல்வது?

ஒரே தண்ணீர், இரண்டு வீடு

சரி, 'சைராட்'டுக்கு வருவோம். 2016 ஏப்ரலில் வெளியாகி, மராத்திப் படங்களில் முதன்முறையாக நூறு கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய படம். மஞ்சுளேயின் இரண்டாவது முழுநீளப் படம். இதைத் தன் சொந்தக் கர்மாளா வட்டாரத்திலேயே எடுத்தார்.

கர்மாளா வறண்ட பகுதி. பக்கத்தில் பீமா நதியின் குறுக்கே உஜனி அணை, 1980-இல் கட்டி முடிக்கப்பட்டது. அணைத் தண்ணீர் பின்னால் பரந்து தேங்கி நிற்கிறது. பல ஊர்கள் மூழ்கின, கோடையில் நீர் இறங்கினால் பழைய கோயில் தலைகாட்டும். அந்தத் தண்ணீர் வந்த பிறகுதான் அங்கே கரும்பும் வாழையும் செழித்தன, மீன்பிடித் தொழிலும் பெருகியது. இப்போது கதையைப் பாருங்கள். நாயகி ஆர்ச்சி, கரும்பும் வாழையும் அதிகாரமும் வைத்திருக்கும் பாட்டீலின் மகள். நாயகன் பர்ஷ்யா, மீனவரின் மகன், தாழ்த்தப்பட்ட சாதி. ஒரே தண்ணீர் ஒரு வீட்டுக்குத் தோட்டமாகவும் இன்னொரு வீட்டுக்கு வலையாகவும் வந்து சேர்ந்திருக்கிறது. அணையைப் பற்றிப் படம் விரிவுரை எதுவும் நிகழ்த்தவில்லை. படகையும் தோட்டத்தையும் காட்டுகிறது, புரிந்துகொள்பவர்கள் புரிந்துகொள்ளலாம்.

கிணற்றுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ச்சி கிணற்றில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் பர்ஷ்யா படகிலிருந்து தண்ணீரில் குதித்து, நீந்தி, ஓடி வருகிறான். பின்னணியில் அஜய்-அதுல் இசை. பார்ப்பவர்களுக்குக் காதல்தான் தெரியும். ஆனால் கிராமத்துக் கிணறு யாருக்குச் சொந்தம், யார் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது என்ற கேள்வி மகாராஷ்டிரத்தில் சின்னக் கேள்வி இல்லை. 1927-இல் மஹாட் குளத்துத் தண்ணீரைத் தொடுவதற்கே அம்பேத்கர் ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அந்த வரலாறு தெரிந்தவருக்கு அந்தக் கிணற்றைப் பார்க்கும்போதே வயிற்றைக் கலக்கும்.

முதல் பாதியில் ஆர்ச்சி புல்லட் ஓட்டுகிறாள், டிராக்டர் ஓட்டுகிறாள், தன் வட்டாரப் பேச்சில் எல்லோரையும் மிரட்டுகிறாள். நடித்த ரிங்கு ராஜ்குரு அதே மாவட்டத்து அக்லூஜ் பெண். இரண்டாம் பாதியில் இருவரும் ஓடிப்போய் ஹைதராபாத் குடிசைப் பகுதியில் சேர்கிறார்கள். அங்கே அவளுக்கு மொழி தெரியாது, நாற்றம் தாங்கவில்லை, அதிகாரம் எடுபடாது. அவளுடைய கம்பீரம் அவளுடையது மட்டும் இல்லை, அப்பாவின் நிலத்திலிருந்தும் வந்தது என்று அப்போதுதான் தெரிகிறது. ஆனால் அதையெல்லாம் இழந்துவிட்டு, தொழிற்சாலையில் வேலை பார்த்து, தெலுங்கு கற்றுக்கொண்டு அவள் மறுபடி எழுகிறாள். அந்தக் கம்பீரம் முழுக்க அவளுடையது.

(படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

'சைராட்' 2018-இல் இந்தியில் 'தடக்' ஆனது. ஊர் உதய்ப்பூர். ஏரி, மாளிகை, அழகான மாடங்கள். எல்லாமே பார்க்கக் குளுமை. ஆனால் சாதி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. மூலத்தில் கரும்புக்காடும் மீன்வலையும் சொன்னதை இங்கே சொல்ல ஆள் இல்லை. முடிவும் மாறியது. 'சைராட்'டில் பெற்றோர் இருவரும் வெட்டுப்பட்டுக் கிடக்க, குழந்தை மட்டும் சிவப்புக் காலடிகளோடு வெளியே நடந்து போகிறது, பின்னணியில் ஒரு சத்தமும் இல்லை. இந்தியில் வேறு விதம். கதையைப் பெயர்த்து எடுத்துப்போகலாம், மண்ணைப் பெயர்த்து எடுத்துப்போக முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நிஜ ஊர் போதுமா?

இங்கே ஒரு கேள்வி எழும். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு கிராமத்துக்குப் போய்விட்டால் உண்மையான படம் வந்துவிடுமா? வராது. சூரியகாந்தித் தோட்டத்தில் ஆடிவிட்டு மாலையே கிளம்பிவிடும் படக்குழுக்களும் நிஜ ஊரில்தானே படம் எடுக்கின்றன! நம் ஊர் விமர்சனங்களில் 'மண்வாசனை' என்று ஒரு சொல் அடிபடும். மண்வாசனை வேறு, மண் வேறு. வாசனையைத் தெளித்துக்கொள்ளலாம். மண்ணில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு இருக்கிறது.

மேலே சொன்ன படங்களில் பலவற்றுக்கு ஒரு ஒற்றுமை உண்டு. எடுத்தவர்கள் அந்த ஊர்களை முன்பே அறிந்தவர்கள். ஜெயந்த் சோமல்கரின் 'ஸ்தள்' 2023-இல் டொராண்டோ விழாவுக்குப் போனது, 2025-இல் திரையரங்குக்கு வந்தது. விதர்பாவில் சந்திராப்பூர் மாவட்டக் கிராமம் ஒன்றில், நடித்துப் பழக்கமில்லாத உள்ளூர்க்காரர்களை வைத்து எடுத்தது. படித்து அரசு வேலைக்குப் போக நினைக்கும் சவிதாவை ஒவ்வொரு மாப்பிள்ளை வீட்டாரும் வந்து பார்க்கிறார்கள். அதே முக்காலி, அதே கேள்விகள், பெயர் என்ன, உயரம் என்ன. ஒருபக்கம் அப்பாவின் பருத்திக்கு விலை கிடைக்கவில்லை, இன்னொரு பக்கம் மகளுக்கு வரன் அமையவில்லை. இரண்டையும் எடைபோடுவது ஒரே சந்தைதான் என்பது அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தோன்றும்.

ரோஹன் கானவடேயின் 'சாபர் போண்ட' 2025 சண்டான்ஸ் விழாவில் உலகப் படங்களுக்கான நடுவர் பெருவிருது பெற்றது. மும்பையில் வேலை பார்க்கும் ஆனந்த், அப்பா இறந்த துக்கத்துக்காகப் பத்து நாள் பூர்வீகக் கிராமத்தில் தங்குகிறான், அங்கே பழைய நண்பன் பால்யாவோடு அன்பு துளிர்க்கிறது. பின்னணி இசையே கிடையாது. ஊரின் சத்தம்தான் இசை. கிராமம் என்றால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்களை இந்தப் படம் மெதுவாகத் தோளைத் தொட்டு, பொறு, ஊருக்குள் இப்படியும் ஒரு மூலை இருக்கிறது என்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'சைராட்' ஓடிய பிறகு அந்தக் கிணற்றையும் மரத்தையும் பார்க்கக் கர்மாளா பக்கம் கூட்டம் கூடியது. நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆணவக் கொலையைப் பற்றிய படத்தின் இடங்கள் காதலர்களின் சுற்றுலாத் தலங்கள் ஆயின. இதில் யாரைக் குறை சொல்வது? ஊரைக் காட்டலாம், காட்டியதை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது இயக்குநரின் கையில் இல்லை.

மறுபடியும் பன்றி

தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். 'ஃபன்ட்ரி'யின் கடைசி அரைமணி நேரம். ஊர்த் திருவிழாப் பல்லக்குக்குள் பன்றி புகுந்துவிட்டதால், பன்றிகளைப் பிடிக்கச் சொல்லிக் கச்ரு குடும்பத்துக்கு உத்தரவு. அந்தப் பன்றிகள் ஓடும் புதர்க்காடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மகன் ஜப்யா அந்தப் பள்ளியில்தான் படிக்கிறான். அவன் மனதுக்குள் காதலிக்கும் ஷாலுவும் அங்கேதான் படிக்கிறாள். தான் பன்றி பிடிப்பதை அவள் பார்த்துவிடக்கூடாது என்று அவன் சுவருக்குச் சுவர் ஒளிகிறான். ஊரே வேடிக்கை பார்க்கிறது, கிரிக்கெட் பார்ப்பதுபோலக் கைதட்டிச் சிரிக்கிறது.

பன்றி கைக்கு எட்டும் நேரத்தில் பள்ளியிலிருந்து தேசிய கீதம் ஒலிக்கிறது. ஜப்யா நிற்கிறான். குடும்பமே அசையாமல் நிற்கிறது. பன்றிக்கு அதெல்லாம் தெரியாது, ஓடிவிடுகிறது. திரையரங்கில் சிரிப்பு எழும், பாதியில் அடங்கும்.

பிறகு ஒருவழியாகப் பிடித்த பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு பள்ளிச் சுவரை ஒட்டி நடக்கிறார்கள். சுவரில் அம்பேத்கர், சாவித்திரிபாய் ஃபுலே, சாஹு மகராஜ், காட்கே பாபா ஓவியங்கள். மகாராஷ்டிரப் பள்ளிச் சுவர்களில் இந்தத் தலைவர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். யாரும் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பன்றி அந்தச் சுவரைக் கடந்து போகிறது. பள்ளிக்கூடம், பொட்டல், பன்றி, சுவர், நான்கும் அந்த ஊரில் அடுத்தடுத்து இருக்கின்றன. தள்ளித் தள்ளி இருந்திருந்தால் இந்தக் காட்சிக்கு வழியே இல்லை.

முடிவில், கேலி செய்தவனை நோக்கி ஜப்யா ஒரு கல்லை எறிகிறான். அந்தக் கல் நேராகக் கேமராவை நோக்கி வருகிறது. திரை இருள்கிறது.

ஜப்யாவின் கைக்குக் கிடைத்த அந்தக் கல் கலை இயக்குநர் செய்துவைத்த தெர்மோகோல் கல் போலத் தெரியவில்லை. அந்தப் பொட்டலில் கிடந்த கல். அதனால்தான் பார்த்துப் பல நாள் ஆன பிறகும் நெற்றியில் வலிக்கிறது.